எங்க வம்சத்துல கிடையாது

பஞ்சை நல்லா அமுக்கிப் பிடிச்சுக்கிடுங்க சார், விட்டா சட்டையெல்லாம் கறையாயிடும். ஜூஸ் டப்பாவுக்காகப் பாக்கறீங்களா? அது இப்போதைக்கு வராது. ஆளுக்கு ஒரு பை ரத்தத்தை உறிஞ்சிக்கிட்டாங்க, பதிலுக்கு ஒரு டப்பா நீட்ட அந்த நர்ஸம்மாவுக்குக் கை வரமாட்டேங்குது. இந்த ஆஸ்பத்திரியில எல்லாமே இப்படித்தான்.

யாருக்காக வந்தீங்க? மச்சினருக்கா. நல்லது. நான் என் மகளுக்கு. நான் குடுக்கறது அவளுக்கு ஏறாது, வேற யாருக்கோ போகும். அவளுக்கு ஏத்தினதுக்கு மாத்து. அப்படித்தான் இங்க கணக்கு. ஊரு எது? ஆரணியா. அப்பச் சரி. எங்க தென்காசிப் பக்கத்து ஆளா இருந்தா வாயே திறந்திருக்க மாட்டேன் பாத்துக்கிடுங்க.

என் பேரு ஆவுடையப்பன். மேடவாக்கத்துல அலுமினியக் கதவு, ஜன்னல் செஞ்சு குடுக்கற பட்டறை வெச்சிருக்கேன். மக தாரிணி, ஏழாங்கிளாஸ் படிக்கிறா. சின்னதுல இருந்தே கால் வலிக்குதுன்னுவா. கொஞ்ச தூரம் ஓடினா மூச்சு வாங்கும். எங்க தெரு டாக்டர் நல்ல மனுஷன், வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்னு சொல்லி இரும்புச்சத்து டானிக் எழுதிக் குடுப்பாரு. அதோட நின்னிருந்தா ஒரு வம்பும் இல்ல. என் பொண்டாட்டி செண்பகவல்லிதான், பிள்ளைக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும்னு ஒத்தக்கால்ல நின்னா. சரின்னு கூட்டிட்டு வந்தேன். வந்த அன்னைக்குப் பிடிச்சது சனி.

டாக்டரம்மா பேரு ரெபேக்கா. ரத்த நோய்க்குன்னே படிச்சவங்களாம். அந்த ரூமைப் பாத்திருக்கீங்களா? கதவு கிடையாது, ஒரு திரைச்சீலை. இந்தப் பக்கம் நாங்க உக்காந்திருக்கோம், எங்க முதுகுக்குப் பின்னாடியே அடுத்த குடும்பம் நிக்குது. தாரிணி என் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டு இருக்கா. அந்த இடத்துல வெச்சு அந்தம்மா கேக்குது, உங்க குடும்பத்துல யாருக்காவது ரத்தசோகை உண்டா, அடிக்கடி மஞ்சக்காமாலை வருமா, சின்ன வயசுலயே யாரும் தவறியிருக்காங்களா, உங்க பூர்வீகம் எது. நான் பளிச்சுன்னு சொன்னேன். எங்க அப்பாவுக்கு எண்பது தாண்டியாச்சு, இன்னும் வயக்காட்டுக்கு நடந்து போறாரு. எங்க தாத்தா கடைசி வரைக்கும் கண்ணாடி போட்டதில்ல. ரத்தமில்லாதவன், கை கால் வலின்னு படுத்தவன் எங்க வம்சத்துலயே கிடையாதுன்னு சொன்னேன். மேசைக்கு அடியில செண்பகம் என் காலை மிதிக்கிறா. நான் காலை நகத்தி வெச்சுக்கிட்டேன்.

ஏன் மிதிச்சான்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவாயில்ல, சொல்லுதேன். நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ. தாரிணி எங்களுக்கு எட்டு மாசக் குழந்தையா வந்தவ. ஓசூர்ப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துல இருந்து எடுத்தோம். கல்யாணமாகிப் பல வருஷம் பாத்தோம், ஒண்ணும் தங்கலை. சட்டப்படி கோர்ட்டுக்குப் போய் நீதிபதி முன்னாடி நின்னு வாங்கின பிள்ளை. பிறப்புச் சான்றிதழ்ல தகப்பனார் பெயர் ஆவுடையப்பன்னு அரசாங்கமே அச்சடிச்சுக் குடுத்திருக்கு. அப்ப டாக்டர் உங்க குடும்பம்னு கேட்டா நான் யார் குடும்பத்தைச் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க. நான் சொன்னதுல எது பொய்?

அந்தத் தத்துங்கற வார்த்தை எங்க வீட்டு நிலைப்படி தாண்டி வரக்கூடாதுன்னு முதல் நாளே சொல்லிட்டேன். செண்பகத்தை ஒரு வருஷம் கோயமுத்தூர்ல அவ சித்தி வீட்டுல விட்டு, பிள்ளையோடதான் ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்க அப்பாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. முன்னாடி அம்பத்தூர்ல குடியிருந்தப்ப பக்கத்து வீட்டுப் பொம்பளை ஒரு மாதிரி விசாரிச்சான்னு வீட்டையே மாத்தினேன், பட்டறையை மாத்தினேன், பழகின வாடிக்கையெல்லாம் போச்சு. யாருக்காக? பிள்ளையை எவனும் ஒரு சொல் சொல்லிடக்கூடாதேன்னு. அதைப் புரிஞ்சுக்க இங்க ஒருத்தருக்கும் மனசு இல்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். தாரிணி ரத்தத்தை எடுத்துப் பாத்தாங்க. சிக்கிள் செல்னு ஒரு நோயாம். ரத்தத்துல இருக்கற அணுவெல்லாம் உருண்டையா இருக்கணுமாம், இவளுக்கு அரிவாள் மாதிரி வளைஞ்சு போய் நரம்புல எல்லாம் மாட்டிக்குதாம். அதுதான் வலி. டாக்டரம்மா ஒரு காகிதத்துல படம் போட்டுக் காட்டுச்சு. மலைப்பக்கத்துச் சனங்க சில பேருக்குத்தான் நம்ம நாட்டுல இதை நிறையப் பாப்போம், உங்களுக்கு மலைப்பக்கம் சொந்தம் உண்டான்னு வேற கேட்டுச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் வீட்டுப் பிள்ளையைப் பாத்து மலை எங்கேன்னு கேக்கறா. குற்றாலத்துல அருவிதான் உண்டும்மா, வேற மலை எங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னேன்.

இது அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாத்தான் பிள்ளைக்கு இப்படி முழுசா வருமாம். அதனால உங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் பாக்கணும்னாங்க. நான் அப்பவே சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டேன். செண்பகம் என்ன செஞ்சான்னா, எனக்கு ஒரு மாதிரி வருது, அப்புறம் குடுக்கறேன்னு எந்திரிச்சு வராண்டாவுக்குப் போயிட்டா. பெத்தவங்க ரத்தம் கேட்டாங்க, நான் குடுத்தேன். இதுக்கு மேல ஒரு தகப்பன் என்ன செய்வான்?

முடிவு வந்துச்சு. என் ரத்தம் சுத்தம். ஒரு குறை கிடையாது. டாக்டரம்மா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பாக்குது. உங்ககிட்ட இல்லேன்னா பிள்ளைக்கு இது வர வழியே இல்லையே, பிள்ளையோட ரத்தம்தான் லேப்ல எங்கயோ மாறிப்போச்சு போலன்னு சொல்லுச்சு. மருந்து ஒண்ணு எழுத இருந்தாங்க, அதை நிறுத்தி வெச்சாங்க. தாரிணியையும் அவங்க அம்மாவையும் திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேருக்கும் எடுத்துடலாம்னாங்க.

அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னன்னு சொல்ல. வர்ற வழியில மேடவாக்கம் கூட்டுரோட்டுல இறங்கி அல்வா வாங்கினேன். பட்டறைப் பசங்களுக்கெல்லாம் குடுத்தேன். தாரிணியைப் பக்கத்துல உக்கார வெச்சு, ஏட்டி, உனக்கு ஒண்ணும் கிடையாது, அப்பா ரத்தத்துலயே இல்லேன்னு டாக்டரே சொல்லிட்டாங்கன்னேன். அவளும் சிரிச்சா. செண்பகம் மட்டும் அடுப்பங்கரையை விட்டு வெளிய வரலை. திங்கக்கிழமை போகணும், போகணும்னு அரிச்சுக்கிட்டே இருந்தா. அந்தம்மாவே லேப்ல மாறிப்போச்சுன்னு சொல்லியாச்சு, எதுக்குப் பிள்ளை கையில மறுபடி குத்தணும்னு நான் அடக்கிட்டேன். பரீட்சை லீவு வந்துச்சு. கொடைக்கானலுக்குக் கார் எடுத்தேன்.

பாசத்துலதான் சார் கூட்டிட்டுப் போனேன். அதை இப்ப எப்படித் திருப்பறாங்க பாருங்க. இந்த நோய் உள்ள பிள்ளையை அவ்வளவு உயரத்துக்கு, அந்தக் குளிருக்குக் கூட்டிட்டுப் போகவே கூடாதாம். எனக்கு யாரு சொன்னா? அந்த லாட்ஜ்காரனைச் சொல்லணும், வெந்நீர் வெந்நீர்னு கத்தியும் பச்சத்தண்ணிதான் வந்துச்சு. மறுநாள் காலையில ஏரியில படகுல போய்க்கிட்டு இருக்கோம், தாரிணி திடீர்னு சுருண்டுட்டா. முதுகு எலும்பை யாரோ உடைக்கற மாதிரி இருக்குப்பான்னு அழறா. அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்ல. கரைக்கு வந்து கார்ல போட்டுக் கீழ இறக்கி, வத்தலக்குண்டுல ஒரு ஊசி, திண்டுக்கல்ல ஒரு ஊசி, அந்தால மெட்ராஸ். இங்க வந்து சேரும்போது நெஞ்சு வலி, மூச்சு விட முடியலை. வாயில மாஸ்க்கை மாட்டிட்டாங்க.

டாக்டரம்மா ஓடி வந்து என்னைத்தான் பாத்தாங்க. திங்கக்கிழமை ஏன் வரலை, அம்மா ரத்தம் ஏன் குடுக்கலைன்னு. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். எங்க வம்சத்துலன்னு ஆரம்பிச்சேன். அவ்வளவுதான் சார். என் பொண்டாட்டி, கல்யாணமான நாள்ல இருந்து நாலு பேர் முன்னாடி என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவ, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு சொல்றா:

"இவர் ரத்தத்துல தேடாதீங்க டாக்டர். என் ரத்தத்துலயும் இருக்காது. இவளை நாங்க பெக்கலை. ஓசூர்ப் பக்கம் ஒரு இல்லத்துல இருந்து வாங்கி வளர்த்தோம். பெத்தவ யாருன்னு எங்களுக்குத் தெரியாது."

பிள்ளை கண்ணைத் திறந்து பாத்துக்கிட்டு இருக்கா. மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும்தான் தெரியுது. நர்ஸு ரெண்டு பேரு நிக்கிறாங்க, வார்டு கூட்டுற அம்மா நிக்குது. அத்தனை பேர் முன்னாடி, பன்னண்டு வருஷமா நான் கட்டிக் காத்ததை ஒரே மூச்சுல போட்டு உடைச்சுட்டா. நான் அவ கையைப் பிடிச்சு வெளிய இழுத்தேன். வரலை. கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டா. டாக்டரம்மா அதுக்குள்ள திரும்பி ரத்தம் ஏத்துங்க, அந்த மருந்து, இந்த மருந்துன்னு வரிசையா சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. என்னை வெளிய போகச் சொன்னாங்க. என்னை. இவளை இல்ல.

பிழைச்சுட்டா. அதைச் சொல்லணும்ல. ரத்தம் ஏத்தினதும் மூச்சு சீராச்சு, நிறுத்தி வெச்சிருந்த மாத்திரையை ஆரம்பிச்சாங்க. அப்புறம் ஒரு நாள் டாக்டரம்மா என்னைத் தனியா கூப்பிட்டு, முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார், உங்க ரத்தத்தைப் பாத்து நானும் ஏமாந்துட்டேனேன்னாங்க. நான் விடுவேனா? திரைச்சீலைக்குப் பின்னாடி பத்துப் பேரை நிக்க வெச்சுக்கிட்டுப் பிள்ளை காதுபடக் கேட்டீங்களே, அப்ப எப்படிம்மா சொல்லுவேன்? இது நீங்க பெத்த பிள்ளைதானான்னு என்னைத் தனியா கூப்பிட்டு ஒரு தடவை கேட்டீங்களான்னு கேட்டேன். அந்தம்மா கேட்டிருக்கணும்தான்னு தலையை ஆட்டிச்சு. தப்பு யார் மேலன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு. ஆனா கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களான்னு அந்தம்மா திருப்பிக் கேட்டுச்சு. இதெல்லாம் ஒரு கேள்வியா? நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

பிள்ளைதான் சார் மாறிட்டா. மாஸ்க்கை எடுத்ததும் என்கிட்ட பேசுவான்னு பாத்தேன். பேசலை. நான் உள்ள போனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிடுவா. வலியில இருக்கான்னு விட்டுட்டேன். ஒரு நாள் ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருக்கேன், அவளாவே கேட்டா.

"நீங்க ரத்தம் குடுத்தப்பவே உங்களுக்குத் தெரியும்லப்பா, அதுல ஒண்ணும் இருக்காதுன்னு?"

ஆமான்னேன்.

"அப்புறம் எதுக்கு அல்வா வாங்கினீங்க?"

ஏழாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை பேசுற பேச்சா இது? பெத்தவ யாரு, என்னன்னு அழுதிருந்தாக்கூடத் தேத்தியிருப்பேன். இவ அல்வாவைக் கேக்கறா. எல்லாம் இவ அம்மா சொல்லிக் குடுத்தது. நான் ஆரஞ்சை அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் உள்ள ஒரு ஆளுக்குத்தான் அனுமதின்னு செண்பகமே இருந்துக்கிடுறா. ஆஸ்பத்திரி விதி. நான் கீழதான் உக்காந்திருப்பேன். பகல் பூரா. பட்டறையைப் பசங்க பாத்துக்கிடுறாங்க.

உங்க மச்சினருக்கு எப்ப ஆபரேஷன்? சாயந்திரமா. அப்ப நேரம் இருக்கு, உக்காருங்க. இன்னும் கொஞ்சம்தான்.

மாத்திரை, ரத்தம் எல்லாம் அப்போதைக்குத் தாக்காட்டத்தானாம். முழுசாக் குணமாக்கணும்னா எலும்பு மஜ்ஜை மாத்தணுமாம். அதுக்குக் கூடப் பிறந்தவங்க மஜ்ஜைதான் நல்லாப் பொருந்துமாம். கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களான்னு டாக்டரம்மா கேட்டாங்க. இந்தத் தடவை கதவு போட்ட ரூம்ல வெச்சுக் கேட்டாங்க. நான் செண்பகத்தைப் பாத்தேன், இவ என்னைப் பாத்தா. நான் வாயே திறக்கலை. இவ திறந்தா. இருக்கா, ஒரு அக்கா இருக்கான்னுட்டா.

ஆமா சார், இருந்துச்சு. அன்னைக்கு அந்த இல்லத்துல நாலு வயசுல ஒரு பொண்ணு. குழந்தையை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு நின்னுச்சு, அது இருந்த இருப்புக்கு அந்தக் குழந்தையைத் தூக்கவே தெம்பு கிடையாது. பேரு மாதம்மா. ரெண்டு பேரையும் சேத்து எடுத்துக்கிடுங்கன்னு அந்த இல்லத்து அம்மா கெஞ்சினாங்க. செண்பகமும் அழுதா. நான்தான் முடியாதுன்னேன். யோசிச்சுப் பாருங்க, நாலு வயசுப் பிள்ளை வாயைத் திறந்து பேசும். எங்கிருந்து வந்தேன்னு ஊர்ல கேட்டா சொல்லும். அதைக் கூட்டிட்டுப் போய் நாங்க பெத்ததுன்னு எங்க அப்பா முன்னாடி எப்படி நிறுத்துறது? நடக்கற காரியமா? அதுதான் கைக்குழந்தை போதும்னுட்டேன். இப்ப டாக்டரம்மா என்னைப் பாத்த பார்வையில என்னமோ நான் கொலை செஞ்ச மாதிரி.

செண்பகம் என்னைக் கேக்காமலே அந்த இல்லத்துக்குப் பேசிட்டா. அதிகாரிங்களைப் பாத்தா, அங்கயும் இங்கயும் அலைஞ்சா. வீட்டை விட்டுத் தனியா பஸ் ஏறத் தெரியாதவ சார் அவ, ஓசூருக்குப் போயிட்டு வந்துட்டா. அந்தப் பொண்ணை யாருமே எடுக்கலையாம். வளர்ந்த பிள்ளையை யாரு எடுப்பா? அங்கயே இருந்து பிளஸ் ஒன் படிக்குதாம். விஷயத்தைச் சொன்னதும் எங்க வந்து கை நீட்டணும்னு மட்டும்தான் கேட்டுச்சாம். ரத்தத்தை அங்கயே எடுத்து இங்க அனுப்பினாங்க. அப்படியே பொருந்திடுச்சு. அதுக்கு அந்த நோயும் கிடையாது, ஒரு பக்கத்துல இருந்து வந்த வித்து மட்டும் லேசா இருக்காம், குடுக்கறதுக்கு அது தடை இல்லையாம். சின்னப் பொண்ணுங்கறதால அனுமதி வாங்கணுமாம், அதையும் வாங்கிட்டு இருக்காங்க.

நல்லதுதானே சார், நான் வேண்டாம்னு சொல்லுவேனா. என் மக பிழைக்கணும். அதுக்காக இத்தனையும் எனக்குத் தெரியாம நடக்கணுமா? வீட்டுக்கு ஆம்பிளைன்னு ஒருத்தன் எதுக்கு?

இன்னைக்குக் காலையில அந்தப் பொண்ணு வந்திருக்கு. மேல, நாலாவது மாடியில. இல்லத்து அம்மா கூட்டிட்டு வந்திருக்காங்க. ஒரு ஆளுக்குத்தான் அனுமதின்னு எனக்குச் சொன்ன அதே வார்டுல இப்ப மூணு பேரு உக்காந்திருக்காங்க, கேக்க நாதியில்ல. மாடிப்படி ஏறிப் போய்க் கதவுக் கண்ணாடி வழியா எட்டிப் பாத்தேன். தாரிணி அதோட தலையில தலையை முட்டிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்தா. அவ சிரிச்சு நான் எத்தனை நாளாச்சு பாத்து. ரெண்டும் ஒரே அச்சு சார். கண்ணு, பல்லு, வாயைக் கோணிக்கிட்டுச் சிரிக்கிறது, எல்லாம். நான் அப்படியே இறங்கிட்டேன். மாத்து ரத்தம் குடுக்கணும்னாங்கல்ல, அது ஞாபகம் வந்துச்சு, இங்க வந்து படுத்துட்டேன்.

அந்தா செண்பகம்தான் போன் அடிக்கறா. அடிக்கட்டும். முன்னாடியும் ஒரு தடவை அடிச்சா, எடுத்தேன். அந்தப் பொண்ணு என்னைக் கேக்குதாம். வந்ததுல இருந்து, அவர் வந்திருக்காரான்னு கேக்குதாம். என்னைப் பாத்தது அந்த ஒரே ஒரு நாள், நாலு வயசு. எப்படி ஞாபகம் வெச்சிருக்கு பாருங்க. அன்னைக்குக் குழந்தையை விடவே மாட்டேன்னு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. யாரு கேட்டும் விடலை. கடைசியா நான்தான் முட்டி போட்டு உக்காந்து சொன்னேன், பாப்பாவை இப்பக் குடு, நாளைக்கு வந்து உன்னையும் கூட்டிட்டுப் போறேன்னு. உடனே குடுத்துடுச்சு.

சின்னப் பிள்ளைகிட்ட அப்படித்தானே சொல்லுவோம். எல்லாரும் சொல்றதுதானே சார்.

உங்களை நர்ஸம்மா கூப்பிடுது பாருங்க. ஜூஸைக் குடிச்சுட்டு நீங்க போங்க, மச்சினர் காத்துக்கிட்டு இருப்பாரு. நான் இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே படுத்துக்கிடறேன். எந்திரிச்சா தலை சுத்துது.